வட்டத்துக்கு மேலே

நடுத் தகடு விழவில்லை.

குண்டு பட்டது எல்லோருக்கும் கேட்டது. டங் என்று நல்ல கனமான சத்தம். தகடு பின்னால் சாய்ந்தது, சாய்ந்த இடத்தில் ஒரு கணம் தயங்கியது, பிறகு மெதுவாக நிமிர்ந்து பழையபடி நின்றுகொண்டது. பாஸ் தாசியோ ஓட்டத்தில் இருந்தார். அதைத் திரும்பிப் பார்க்காமல் அடுத்த மறைப்புக்குப் போய், மீதி அட்டை இலக்குகளையும் சுட்டு முடித்துவிட்டுத்தான் மூச்சு விட்டார்.

அவருக்குப் பின்னால் டைமரைப் பிடித்துக்கொண்டு ஓடிவந்த நடுவர் எஸ்தெலிதா சொல்ல வேண்டியதைச் சொன்னாள்.

"முடிஞ்சுதுன்னா காலி பண்ணிக் காட்டுங்க, பாஸ்."

அவர் காலி பண்ணிக் காட்டினார். துப்பாக்கியை இடுப்பு உறையில் செருகினார். காதுமூடியைக் கழற்றிக்கொண்டே சிரித்தபடி திரும்பியவர் சிரிப்பை நிறுத்தினார்.

"அது ஏன் நிக்குது?"

"விழல, பாஸ்."

"நான் அடிச்சேன்."

"அடிச்சீங்க."

"சத்தம் கேட்டுச்சுல்ல?"

"கேட்டுச்சு. அடியில பட்டிருக்கு. விழுந்தாத்தான் கணக்கு."

பின்னால் தார்ப்பாய் நிழலில் உட்கார்ந்திருந்தவர்களின் பேச்சு நின்றுபோனது. கோழி சுடுகிற அடுப்பின் முன்னால் விசிறிக்கொண்டிருந்த பெண்கூட விசிறியை அப்படியே பிடித்துக்கொண்டாள். பாஸ் தாசியோ இடுப்பில் கை வைத்துக்கொண்டு அந்தத் தகட்டையே பார்த்தார். பிறகு யாரிடமும் கோபமில்லாத குரலில் சொன்னார்.

"அப்போ தகடுதான் சரியில்ல. சோதனை கேக்கிறேன்."

"யாரும் தொடாதீங்க!" என்று எஸ்தெலிதா கத்தினாள்.

அட்டை ஓட்டைகளை ஒட்டுவதற்காக இலக்குகளை நோக்கிப் போய்க்கொண்டிருந்தவர்கள் நடுவழியில் நின்றார்கள். அவர்களில் ஒருவன் அவளுடைய மகன் ஜெர்சன். ஒட்டுத்தாள் ஒரு விரலில் தொங்க, தகட்டுக்குப் பக்கத்தில் மரம்போல நின்றான். சோதனை கேட்டுவிட்டால் தகட்டை ஒருவரும் தொடக் கூடாது. போட்டியாளரோ அவருடைய ஆளோ தொட்டால் அது தவறவிட்ட இலக்காகிவிடும். நடுவர் தொட்டால் போட்டியாளர் மறுபடி சுட வேண்டும். ஜெர்சன் இன்று ஒட்டுகிற வேலைக்கு வந்தவன்தான். மற்ற நாட்களில் குவாரி முதலாளி பாஸ் தாசியோவின் வண்டி ஓட்டுகிறவன். அவன் தொட்டால் யாருடைய கை தொட்டதாக எடுத்துக்கொள்வது? அந்தக் கேள்விக்கு அங்கே யாரும் பதில் கண்டுபிடிக்க விரும்பவில்லை. அவன் ஒவ்வொரு அடியாகப் பின்னால் வைத்து விலகி வந்தான்.

சோதனையின் முறை எங்கள் தீவில் துப்பாக்கி பிடிக்கிற எல்லோருக்கும் தெரியும். போட்டியாளர் நின்ற இடத்திலிருந்து, வலுக் குறைந்த சோதனைத் தோட்டாவால், நடுவர் ஒரு குண்டு சுட வேண்டும். தகட்டின் தலையில் ஒரு வட்டம் வரைந்திருக்கும். அந்த வட்டத்திலோ அதற்குக் கீழேயோ பட்டுத் தகடு விழுந்தால், தகட்டில் குறையில்லை. போட்டியாளருக்கு அது தவறிய இலக்கு. பட்டும் விழாவிட்டால் தகடு கெட்டது, போட்டியாளர் மறுபடி சுடலாம். வட்டத்துக்கு மேலே பட்டுவிட்டால், தகடு விழுந்தாலும் விழாவிட்டாலும், சோதனையே செல்லாது. உச்சியில் தட்டினால் எந்தத் தகடும் சுலபமாகச் சாயும், அதை வைத்து ஒருத்தரைத் தோற்கடிப்பது நியாயமில்லை என்று விதி எழுதியவர்கள் நினைத்திருக்கிறார்கள். அப்போதும் போட்டியாளர் மறுபடி சுடலாம்.

சோதனைக் குண்டைச் சுடுகிறவர் அந்தப் போட்டியில் எஸ்தெலிதா.

மணிலாவுக்குப் போகும் அணியில் எங்கள் மாவட்டத்துக்கு ஒரே இடம். அந்தத் தகடு தவறியதாகக் கணக்கானால், இடம் ஹொவெலினுக்கு. சந்தையில் கருவாடு விற்கிற பெண். மன்றத்தின் பொதுத் துப்பாக்கியால் சுட்டு முன்னால் நின்றாள். பாஸ் தாசியோ மறுபடி சுட்டால் இடம் அவருக்கு. அதில் யாருக்கும் சந்தேகமில்லை, அவர் அவ்வளவு நன்றாகச் சுடுகிறவர். ஊர் முகப்பில், வளைவுக்குப் பக்கத்தில், அவர் படம் போட்ட வாழ்த்துப் பேனர் இரண்டு நாளாகத் தொங்குகிறது. 'மாவட்டத்தின் பெருமை, மணிலா செல்கிறார்.' அச்சடித்தவனுக்கும் கட்டியவனுக்கும் அதைப் பார்த்துக் கையசைத்துப் போகிறவர்களுக்கும் போட்டி இன்னும் நடக்கவில்லை என்பது தோன்றவேயில்லை.

தலைமை நடுவர் மனோங் கிதோ தடியை ஊன்றிக்கொண்டு வந்தார். மூத்த ஆணை மனோங் என்றும் மூத்த பெண்ணை மனாங் என்றும் கூப்பிடுவது எங்கள் ஊர் வழக்கம்.

"சோதனையா?"

"ஆமா, மனோங்."

"சரி. பத்து நிமிஷம் எல்லாரும் உக்காருங்க. துப்பாக்கியை எடுத்துட்டு வரச் சொல்றேன்." குரலைத் தாழ்த்தினார். "வா இப்படி."

இருவரும் மணல் மேட்டுக்குப் பக்கத்தில் போய் நின்றார்கள். கிதோவின் இடது கால் முட்டிக்குக் கீழே வளைந்திருக்கும். நான்கு வருஷத்துக்கு முன்னால் பக்கத்து ஊர்ப் போட்டியில் பாஸ் தாசியோவை அவர் போட்டியிலிருந்து நீக்கினார். அடுத்த மாதம் கரும்புக் காட்டு வழியில் விளக்கில்லாத ஒரு லாரி அவருடைய மோட்டார் சைக்கிளை ஓரத்தில் தள்ளிவிட்டுப் போனது. எந்த லாரி என்று போலீஸ் கேட்டபோது, பார்க்கவில்லை என்று சொன்னார். இன்றுவரைக்கும் அதையேதான் சொல்கிறார்.

"என்ன பண்ணப் போறே?" என்றார்.

"சுடப் போறேன்."

"எங்க?"

"வட்டத்துக்குள்ள."

"சரி."

"நீங்க என்ன பண்ணுவீங்க?"

"நான் பண்ணினதுதான் எல்லாருக்கும் தெரியுமே."

"அது அப்போ. இப்போன்னா?"

கிதோ தடியின் நுனியால் மணலைக் கிளறினார். கீழே கரும்புத் தோட்டத்தில் காற்று ஒரு பக்கமாகவே வீசிக்கொண்டிருந்தது.

"இப்போன்னா தெரியாது, லித்தா. உன்கிட்ட எதுக்குப் பொய் சொல்லணும்?"

அவர் போனதும் பாஸ் தாசியோ வந்தார். கையில் இரண்டு குளிர்பானப் புட்டிகள். ஒன்றைத் திறந்து அவளிடம் நீட்டினார். வாங்காமல் இருக்க முடியாதபடி நீட்டினார்.

"வெயில் ஜாஸ்தி, மனாங். குடிங்க."

"நன்றி, பாஸ்."

"பேக்கரி எப்படிப் போகுது?"

"போகுது."

"உங்க ரொட்டிதான் எங்க வீட்ல காலையில. குழந்தைங்க வேற ரொட்டி தொடமாட்டேங்குதுங்க." ஒரு வாய் குடித்தார். "ஜெர்சன் நல்ல பையன். கை சுத்தம். வண்டியைத் தன் பொண்டாட்டி மாதிரி பாத்துக்கிறான்."

"பொண்டாட்டி இன்னும் வரல, பாஸ்."

"வருவா, வருவா." அவர் உண்மையாகவே சிரித்தார். "அடுத்த வாரத்துலேருந்து அவனை மேல் குவாரிக்குப் போடலாம்னு இருக்கேன். அந்தச் செங்குத்து ரோடு தெரியும்ல? அங்க ஓட்டுற பழைய வண்டிக்கு பிரேக் கொஞ்சம் அப்படி இப்படி. பரவாயில்ல, அவன் சமாளிச்சுக்குவான். இல்ல?"

எஸ்தெலிதாவின் கையில் புட்டி வியர்த்துக்கொண்டிருந்தது.

"நான் ஒண்ணும் கேக்கல, மனாங்," என்றார் அவர். "நீ நடுவர். உன் வேலை உனக்குத் தெரியும். விதி என்னவோ அதுதான். நான் விதிக்குக் கட்டுப்பட்டவன்."

நீங்க எப்போது நீ ஆனது என்று அவளுக்குப் பிறகுதான் உறைத்தது. அதற்குள் அவர் நிழலுக்குப் போய்விட்டார்.

ஜெர்சன் தண்ணீர்க் குடத்தைத் தூக்குவதுபோல் பக்கத்தில் வந்து குனிந்தான். அவளைப் பார்க்காமல் பேசினான்.

"நானாய்," என்று அம்மாவைக் கூப்பிட்டான். "மேல அடிச்சிடு."

"என்னடா சொல்றே?"

"ஒரு விரக்கட மேல. யாருக்குத் தெரியும்? கை ஆடிடுச்சுன்னு சொல்லு. வயசாச்சு, வெயில். யாரும் ஒண்ணும் சொல்லமாட்டாங்க."

"எனக்குத் தெரியுமே."

"உனக்குத் தெரிஞ்சா என்ன ஆகும்? எனக்கு என்ன ஆகும்னு யோசி." குடத்தின் விளிம்பைப் பிடித்துக்கொண்டான். "மனோங் கிதோ நடக்கிறதைப் பாத்துட்டுத்தானே இருக்கே தினம். எனக்குப் பயமா இருக்கு, நானாய். நான் ஓட்டுறேன் அந்த ரோட்ல. நீ ஓட்டல."

"வேலையை விட்டுடு."

"விட்டா விட்டுடுவாரா?"

குடத்தைத் தூக்கிக்கொண்டு அவன் போனான். வழியில் பாஸின் காவலாளி ஒருவன் அவன் தோளைத் தட்டி ஏதோ சொல்லிச் சிரித்தான். ஜெர்சனும் சிரித்தான். அந்தச் சிரிப்பைப் பார்க்க முடியாமல் எஸ்தெலிதா முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

திரும்பிய பக்கம் ஹொவெலின் உட்கார்ந்திருந்தாள். வாழையிலையில் பாதிக் கோழியும் சோறும். கையால் அள்ளித் தின்றுகொண்டே பக்கத்தில் இருந்த ஆண்களிடம் வாயாடிக்கொண்டிருந்தாள்.

"பேனரை இறக்க வேணாம். அவர் உடம்பு அப்படியே இருக்கட்டும். தலையில மட்டும் என் படத்தை ஒட்டிடுங்க. செலவு மிச்சம்."

"உன் மூஞ்சிக்கு அந்தத் தொப்பை வேணுமா, இந்தாய்?" என்று ஒருவன் தங்கச்சி முறையில் கிண்டலடித்தான்.

"எனக்கும் வரும். மணிலாவுல நல்லாச் சாப்பாடு போடுவாங்களாம்."

"கருவாட்டு வாடை விமானத்துல ஏறுமா?"

"உங்க வாடை ஏறும்போது என் வாடை ஏறாதா?"

எல்லோரும் சிரித்தார்கள். பாஸின் ஆட்கள் சிரிக்கவில்லை. எஸ்தெலிதா தன்னைப் பார்ப்பது தெரிந்ததும் ஹொவெலின் வாயை மூடிக்கொண்டாள். எழுந்து வரவில்லை. நான் உங்ககிட்ட எதுவும் கேட்கமாட்டேன் என்பதுபோலத் தலையைக் குனிந்து இலையைப் பார்த்தாள். அவள் கேட்டிருந்தால்கூட எஸ்தெலிதாவுக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

துப்பாக்கி வந்தது. சோதனைத் தோட்டாக்கள் வந்தன. கிதோ அவளை பாஸ் நின்ற இடத்தில் நிறுத்தினார். தகடு எதிரே வெள்ளையாக நின்றது. அதன் அடியில் பாஸின் குண்டு பட்ட இடம் மட்டும் சாம்பல் நிறத்தில். தலையில் மெல்லிய கறுப்புக் கோட்டில் வட்டம்.

வட்டத்துக்குள்ள, என்று அவள் தனக்குள் சொல்லிக்கொண்டாள். நடுவுல. ஆயிரம் தடவை சுட்டது. கண்ணை மூடிக்கொண்டுகூடச் சுடலாம்.

துப்பாக்கியைத் தூக்கினாள். துப்பாக்கி நுனியிலிருந்த குறிமுள் நடுங்கியது. மூச்சை விட்டாள். நின்றது. மறுபடி நடுங்கியது. பின்னால் யாரோ இருமினார்கள். அது ஜெர்சனா என்று காது தேடியது. செங்குத்துப் பாதையின் ஒரு பக்கம் பாறை, ஒரு பக்கம் வெறும் காற்று. அவள் வட்டத்தின் நடுவைப் பார்த்தாள். வட்டத்தின் நடுவைத்தான் பார்த்தாள். விசையை அழுத்தினாள்.

தகடு விழுந்தது.

"ஹே!" என்று ஹொவெலின் குதித்தாள். இலை ஒரு பக்கம், சோறு ஒரு பக்கம். கோழி சுடுகிற பெண் கை தட்டினாள். இரண்டு மூன்று பேர் சேர்ந்து தட்டிவிட்டு, பாஸைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்கள். பாஸ் தாசியோ அசையவில்லை. காவலாளிகள் அவர் முகத்தைப் பார்த்தார்கள்.

"நில்லுங்க," என்றார் கிதோ. "இன்னும் பாக்கல."

இருவரும் தகட்டை நோக்கி நடந்தார்கள். தடியோடு நடக்கிறவருக்காக அவள் மெதுவாக நடந்தாள். தூரத்திலேயே அவளுக்குத் தெரிந்துவிட்டது. மல்லாந்து கிடந்த தகட்டின் உச்சியில், வட்டத்தின் கோட்டுக்கு வெளியே, விளிம்பை ஒட்டிப் புதுச் சாம்பல் கறை.

கிதோ குனிந்து பார்த்தார். நிமிர்ந்து அவளைப் பார்த்தார்.

"மேல," என்றார்.

"மேல."

"வேணும்னேவா அடிச்சே?"

"இல்ல."

அவள் சொன்னதை அவர் நம்பினாரா என்று அவர் கண்ணில் தேடினாள். ஒன்றும் தெரியவில்லை. அவள் தன்னுள்ளும் தேடிப் பார்த்தாள். அங்கேயும் ஒன்றும் தெரியவில்லை. மூளை நடுவுல என்றது. கை எதைக் கேட்டது?

கிதோ திரும்பி உரக்கச் சொன்னார். "வட்டத்துக்கு மேலே. சோதனை செல்லாது. போட்டியாளர் மறுபடி சுடலாம்."

ஒரு முணுமுணுப்பு எழுந்து அடங்கியது. பாஸ் தாசியோ காதுமூடியைத் துடைத்துக்கொண்டே எழுந்தார். எஸ்தெலிதாவைக் கடந்தபோது தலையைச் சற்றே சாய்த்தார்.

"நன்றி, மனாங்."

அவ்வளவுதான். அது எல்லோருக்கும் கேட்டது. அதற்காகத்தான் சொன்னார்.

ஹொவெலின் வழியில் நின்றாள். முகத்தில் சிரிப்பின் மிச்சம்கூட இல்லை.

"ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க, மனாங். வேணும்னேவா?"

"இல்ல, இந்தாய்."

"சரி." அவள் கீழே சிந்திய சோற்றைப் பார்த்தாள். "உங்க கை எப்பவும் ஆடினதில்லையே, அதான் கேட்டேன்."

விதிப்படி எல்லாம் சரியாக நடந்திருந்தது. எந்தப் புத்தகத்தைத் திறந்தாலும் அந்த முடிவுதான். எஸ்தெலிதாவால் ஹொவெலின் பக்கம் திரும்ப முடியவில்லை. அதற்கடியில், வெட்கமே இல்லாமல், ஒரு நிம்மதியும் இருந்தது. ஜெர்சன் பிழைத்தான்.

தகட்டைச் சரிசெய்து, வெள்ளையடித்து, நிறுத்தினார்கள். வட்டத்தைப் புதிதாக வரைந்தார்கள். கிதோவே சோதனைத் துப்பாக்கியால் ஒரு முறை சுட்டு விழவைத்து உறுதி செய்தார். ஒட்டுகிறவர்கள் இடப்பக்கம் பாதுகாப்புக் கோட்டுக்குப் பின்னால் போய் உட்கார்ந்தார்கள். எஸ்தெலிதா டைமரை எடுத்துக்கொண்டு பாஸ் தாசியோவின் தோளுக்குப் பின்னால் போய் நின்றாள். யார் சுட்டாலும் அவள் நிற்க வேண்டிய இடம் அதுதான்.

"லோடு பண்ணித் தயாராகுங்க."

அவர் தோட்டா நிரப்பினார். கழுத்தை ஒரு முறை சுழற்றினார்.

"என்னைவிட உங்களுக்குத்தான் படபடன்னு இருக்கு போல, மனாங்," என்றார் திரும்பாமலே. "நிதானமா இருங்க."

"தயாரா?"

தலையசைத்தார். டைமர் கத்தியது.

அழகாகத்தான் சுட்டார். வலப்பக்க ஜன்னலில் அட்டைகள் இரண்டிரண்டாக ஓட்டை விழுந்தன. நடுத் தகடு ஒரே அடியில் தொம்மென்று சாய்ந்தது. நிழலில் அவருடைய ஆட்கள் ஊளையிட்டார்கள். அந்த ஊளை அவர் கால்களில் ஏறியதோ என்னவோ, இடது மறைப்பை நோக்கி முன்னைவிட வேகமாக ஓடினார். ஓடிக்கொண்டே தோட்டா மேகசினை மாற்றினார். வலதுகைக்காரர் இடப்பக்கம் ஓடும்போது எல்லா நடுவர்களும் துப்பாக்கியின் வாயைத்தான் பார்ப்பார்கள். புது மேகசினைச் செருகத் துப்பாக்கியைச் சாய்க்கும்போது அதன் வாய் தானாக இடப்பக்கம் போகும். உடம்பும் அந்தப் பக்கமே திரும்பியிருக்கும். அந்த வாய் பாதுகாப்புக் கோட்டைத் தாண்டினால், அத்தோடு போட்டி முடிந்தது. மேகசின் ஒரு முறை வழுக்கியது. அவர் குனிந்து துப்பாக்கியின் அடியைப் பார்த்தார். துப்பாக்கி இன்னும் திரும்பியது. இன்னும்.

"ஸ்டாப்!"

யார் கத்தியது என்று எஸ்தெலிதாவுக்கு ஒரு கணம் புரியவில்லை. அந்தக் குரல் தொண்டையைக் கிழித்துக்கொண்டு அவளிடமிருந்துதான் வந்திருந்தது. யோசிக்க நேரம் இருந்திருந்தால் அது வந்திருக்குமா என்று அவளால் பிறகும் சொல்ல முடிந்ததில்லை.

பாஸ் தாசியோ நின்றார். மேகசின் உள்ளே போயிருந்தது. துப்பாக்கி மணல் மேட்டைப் பார்த்துத் திரும்பிவிட்டது. அவர் மட்டும் தலையைத் திருப்பி அவளைப் பார்த்தார்.

"என்ன?"

"துப்பாக்கி பின்னால வந்துடுச்சு, பாஸ். கோட்டைத் தாண்டி."

"வரல."

"வந்துச்சு."

"வரலன்னு சொல்றேன்."

அவர் கையில் தோட்டா நிரம்பிய துப்பாக்கி. விரல் விசைக்கு வெளியேதான் இருந்தது. அவளுக்கு அந்த விரல் மட்டும் தெரிந்தது. உலகத்தில் வேறெதுவும் தெரியவில்லை. ஆனால் அடுத்துச் சொல்ல வேண்டிய வார்த்தைகள் இருந்தன. எத்தனையோ பேரிடம் சொன்னவை; அவற்றுக்கு யோசனை தேவையில்லை.

"துப்பாக்கியைக் காலி பண்ணுங்க. காட்டுங்க."

அவர் அசையவில்லை. காவலாளிகள் நிழலில் எழுந்து நின்றார்கள்.

"காலி பண்ணுங்க, பாஸ்."

கடைசியில் மேகசின் கழன்றது. துப்பாக்கியின் உள்ளறையிலிருந்த தோட்டா மணலில் விழுந்தது. அவர் திறந்த துப்பாக்கியை அவள் முகத்துக்கு முன்னால் காட்டினார், தேவைக்கு மேல் பக்கத்தில். அவள் உள்ளே பார்த்தாள். காலி.

"மூடி, உறையில வைங்க."

வைத்தார். அப்புறம்தான் பேசினார், அமைதியாக.

"ஒரு நடுவர் சொன்னா போதுமா? முன்னாடி கை ஆடின நடுவர்தானே? இப்போ கண்ணும் ஆடிடுச்சோ என்னவோ." இடப்பக்கம் பார்த்தார். "அங்க உக்காந்திருந்தவங்களைக் கேளுங்க. துப்பாக்கி அந்தப் பக்கம் வந்திருந்தா அவங்களுக்குத்தான் தெரியும். ஜெர்சன்! எந்திரி."

ஜெர்சன் எழுந்தான். அவன் அங்கே உட்கார்ந்திருந்ததை எஸ்தெலிதா அப்போதுதான் பார்த்தாள்.

"கேக்கத் தேவையில்ல," என்றார் கிதோ. "நடுவர் பாத்தாச்சு."

"நான் கேக்கிறேன். கேக்கக் கூடாதுன்னு விதியா? சொல்லுடா. என் துப்பாக்கி உன் பக்கம் வந்துச்சா?"

ஜெர்சன் அம்மாவைப் பார்த்தான். அவள் தலையை ஆட்டினாள், சொல்லாதே என்று. இல்லையென்று சொல்லிவிடு என்று. அவளே அதைச் செய்தாள், எல்லோரும் பார்த்தார்கள்.

"வாய் தெரிஞ்சுது, பாஸ்," என்றான் ஜெர்சன்.

"என்ன?"

"துப்பாக்கியோட வாய். உருண்டையா, கறுப்பா. என்னைப் பாத்துச்சு." அவன் கையால் தரையைக் காட்டினான். "நான் கீழ படுத்துட்டேன். எல்லாரும் படுத்துட்டோம்."

அவன் பக்கத்தில் இருந்தவர்களின் சட்டை முன்பக்கமெல்லாம் மணலாக இருந்தது. அதற்கு மேல் யாரும் எதுவும் கேட்கவில்லை. கிதோ தடியை ஊன்றி நிமிர்ந்தார்.

"போட்டியிலிருந்து நீக்கம்," என்றார். இரண்டாவது முறையாக அந்த மனிதரிடம் அதைச் சொல்கிறார்.

பாஸ் தாசியோ கோபப்படவில்லை. கத்தியிருந்தால் எல்லோருக்கும் நன்றாக இருந்திருக்கும். எஸ்தெலிதாவோடு கை குலுக்கினார். கிதோவோடு குலுக்கினார். ஹொவெலினைத் தேடிப் போய், "மணிலாவுல நல்லா அடி, இந்தாய்," என்றார். இடுப்பு வாரைக் கழற்றிப் பெட்டியில் வைத்தார். காவலாளிகளை மற்ற வண்டியில் முன்னால் போகச் சொன்னார்.

"ஜெர்சன். பிக்கப்பை எடு. மலை வழியா, குவாரி ரோட்லயே போலாம். அந்தப் பக்கம் காத்து நல்லாருக்கும்."

ஜெர்சன் சாவியை எடுத்தான். பழக்கம் அவனை வண்டிக்குக் கொண்டுபோனது. எஸ்தெலிதா அவன் முழங்கையைப் பிடித்தாள்.

"என்கூட ஜீப்னி வண்டியில வா."

"கூப்பிடுறாரே, நானாய்."

"போகாதே."

"இன்னைக்குப் போகலன்னா நாளைக்கு வீட்டுக்கு வருவார்." அவன் மெல்ல அவள் விரல்களை எடுத்துவிட்டான். "நீ போ. ரொட்டி மாவு புளிச்சிடும்."

அவன் ஓட்டுகிற பக்கம் ஏறினான். பாஸ் தாசியோ மறுபக்கம் ஏறிக் கதவைச் சாத்தப் போனார். சாத்த முடியவில்லை. எஸ்தெலிதா கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"கொஞ்சம் நகருங்க, பாஸ்."

"என்ன?"

"எனக்கும் அந்தப் பக்கம்தான் வீடு."

"உங்க வீடு கடற்கரைப் பக்கம், மனாங்."

"சுத்திப் போய்க்கிறேன்."

அவர் அவளையே பார்த்தார். ஊரே பார்த்துக்கொண்டிருந்தது. அவர் நகர்ந்தார். ஐம்பத்தெட்டு வயதில், கனத்த உடம்போடு, அவள் அவருடைய முட்டியைத் தாண்டி ஏறி, அவருக்கும் தன் மகனுக்கும் நடுவில் உட்கார்ந்தாள். மூன்று பேருக்கு அந்த இருக்கை போதாது. அவருடைய தோள் அவளை நெருக்கியது. துப்பாக்கி எண்ணெய் வாசனை.

பின்தட்டில் ஏதோ தொம்மென்றது. வண்டி ஒரு பக்கம் தாழ்ந்தது.

"யாரு?" என்று பாஸ் கத்தினார்.

"நான்தான்," என்று கிதோவின் குரல். "இந்தக் காலோட ஜீப்னியில ஏற முடியாது. யாராவது இந்தத் தடியைப் பிடிங்களேன்."

"குடுங்க மனோங், நான் பிடிக்கிறேன்." அது ஹொவெலின். "கருவாட்டுக் கூடையும் இருக்கு, பாஸ். வாடையைப் பொறுத்துக்குங்க."

பாஸ் தாசியோ கதவைச் சாத்தினார். ஜெர்சன் யாரையும் பார்க்காமல் வண்டியைக் கிளப்பினான்.

சுடுதளத்தைத் தாண்டி, கரும்பைத் தாண்டி, ஏற்றம் தொடங்கியது. ஒரு பக்கம் பாறை வந்தது. பின்தட்டில் இருவரும் ஆரம்பத்தில் பேசிக்கொண்டு வந்தார்கள். பிறகு விளிம்புக் கம்பியைப் பிடித்துக்கொண்டு பள்ளத்தைப் பார்த்தார்கள். ஜெர்சன் ஸ்டியரிங் வளையத்தை இரண்டு கையாலும் பிடித்திருந்தான்.

ஏற்றத்தின் பாதியில் பாஸ் தாசியோ கேட்டார், கண்ணாடிக்கு வெளியே பார்த்துக்கொண்டே.

"அந்த முதல் குண்டு, மனாங். வேணும்னுதானே மேல அடிச்சே?"

"தெரியல, பாஸ்."

"தெரியாதா?"

"பயமா இருந்துச்சு. கைக்கு என்ன தோணுச்சோ தெரியல."

"அப்புறம் ஸ்டாப்னு கத்தும்போது பயம் போயிடுச்சாக்கும்."

"இல்ல," என்றாள் எஸ்தெலிதா. "இப்பவும் இருக்கு."

அவர் அதற்கு என்ன நினைத்தார் என்று முகத்தில் தெரியவில்லை. முன்னால் பாதை வளைந்தது.

"மெதுவா, தோத்தோ," என்று அவள் சின்னப் பிள்ளையைக் கூப்பிடுவதுபோல மகனிடம் சொன்னாள். "ஓரத்தைப் பாத்துப் போ."